பழைய காரின் சூட்டைக் குறைத்து, அப்புறம் பவர் கூட்டுவது எப்படி? வீட்டிலேயே செய்ய ஒரு முழு வழிகாட்டி

என் பழைய கார் மேடு ஏறும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் சிவப்பை எட்டிப் பார்க்கும். ரேடியேட்டர்தான் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டி, பழைய பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, அதைவிடத் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். தாங்கிகளை வெட்டி, துளை போட்டு, சரிக்கட்டி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மூன்றாவது ஞாயிறு அதே மேடு, அதே முள், அதே சிவப்பு.

கடைசியில் பானெட்டைத் திறந்து வைத்து, நண்பரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், வாய் வைத்து உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி சப்பையாக ஒட்டிக்கொண்டது. ஹோஸுக்குள் இருக்கவேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்து எப்போதோ கரைந்து போயிருந்தது. பம்ப் உறிஞ்சுகிறது, ஹோஸ் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் ஓட வழியில்லை. ஒரே ஒரு ஹோஸ் மாற்றினேன், தீர்ந்தது.

கீழே சொல்லும் வரிசை அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் விலை. முதலில் அளந்து பார்ப்பது. அப்புறம் காரோடு வந்த கூலிங் அமைப்பைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவருவது. அதற்குப் பிறகு காற்றோட்டம். பவர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஏனென்றால் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்தைச் சுற்றப் போவது நல்ல நிலையில் உள்ள பழைய இன்ஜினிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னொரு பெரிய பங்கு சைலன்சர் வழியே போகிறது, மீதி கூலன்ட்டில் இறங்குகிறது. 10 குதிரைசக்தி கூட்டினால், ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டரும் கூடுதலாக வெளியே தள்ளியாக வேண்டும். ஏற்கெனவே திணறும் ரேடியேட்டரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை.

கை வைப்பதற்கு முன்

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்காமல் நிற்பதற்கு ஒரே காரணம் அந்த மூடி கொடுக்கும் அழுத்தம். மூடியைத் திருகிய நொடியில் மொத்தமும் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பலாம். அதனால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைத்தால் நாயோ பூனையோ குழந்தையோ வாய்வைத்துவிடும். உடனே மூடியுள்ள டப்பாவில் ஊற்றி வையுங்கள். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும்.

படி 1: முள்ளை நம்பலாமா?

பழைய கார்களில் சூட்டைவிடச் சூட்டைக் காட்டும் முள்ளே பல நேரம் பிரச்சினை. பல கார்களில் டேஷ்போர்டு முட்களுக்கு ஒரு சிறிய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் பேட்டரியின் முழு வோல்டேஜும் முட்களுக்குப் போய், டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறி நிற்கும். பெட்ரோல் போடாமலேயே டேங்க் நிரம்பியிருப்பதாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று இதைவிட மோசமானது. கூலன்ட் குறைந்து சென்சார் நனையாமல் காற்றில் நின்றால் முள் கீழேயே இருக்கும், இன்ஜினோ உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ஆகவே தனியாக அளக்க ஒரு கருவி தேவை. கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். ஒரு சின்ன உபாயம்: பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன் மேல் அளக்கவும். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கும் கூடு, ரேடியேட்டருக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம் என மூன்று இடங்களில் டேப் ஒட்டுங்கள். கார் நன்றாகச் சூடான பிறகு ரேடியேட்டரின் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் 10 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வித்தியாசம் இருந்தால் பொதுவாக நல்லது. வித்தியாசம் மிக அதிகம் என்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் காற்று வெப்பத்தை எடுத்துப் போகவில்லை.

ரேடியேட்டரின் முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே உள்குழாய்கள் அடைத்திருக்கின்றன.

படி 2: எப்போது சூடாகிறது?

இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

நெரிசலில் நின்றால் ஏறுகிறது, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் காற்றுப் பக்கம் தேடுங்கள்: ஃபேன், ஃபேனைச் சுற்றிய கூடு, அடைத்த ஃபின்கள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்), தளர்ந்த விஸ்கஸ் கிளட்ச் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இன்ஜினோடு இணைப்பது). ஏறக்குறைய 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே போதும், ஃபேனுக்கு வேலை இல்லை.

நெரிசலில் சமர்த்தாக இருந்து, நெடுஞ்சாலையிலோ மேட்டிலோ ஏறினால் தண்ணீர்ப் பக்கம்: அடைத்த ரேடியேட்டர், ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், வழுக்கும் பெல்ட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப். பெட்ரோல் குறைந்த லீன் கலவையும், பிந்திப்போன இக்னிஷன் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) இதே அறிகுறியைக் காட்டும்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், காற்று அடைத்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கலாம். கடைசியில் சொன்னது உறுதியானால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருவது, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் கூழ், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை ஆகியவை அடையாளம். குளிரில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் கூழ் சேர்வது சகஜம். அதை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகிவிடும்.

படி 3: உள்ளே கழுவுவது

பலர் ரேடியேட்டரின் கீழே உள்ள வடிகால் டேப்பை (திருகுக் குழாயை) திறந்து வடிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் பாதிதான் வரும். மீதி இன்ஜின் பிளாக்கிலேயே நிற்கும். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் பிளாக்கின் பக்கவாட்டில், கீழே, ஒரு பித்தளை டேப்போ போல்ட்டோ இருக்கும். பல வருடம் யாரும் தொடாததால் துரு ஏறிப் பிடித்திருக்கும். முந்தின நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவையுங்கள். திறந்த பிறகும் ஒரு சொட்டு வராவிட்டால் ‘காலி’ என்று நினைக்காதீர்கள். கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். என் காரில் முதலில் காப்பிக் கசடு போல ஒரு சேறு மெதுவாகப் பிதுங்கி வந்தது, அப்புறம்தான் தண்ணீர் கொட்டியது. கடைசி சிலிண்டரைச் சுற்றி அந்தச் சேறு எத்தனை வருடமாக உட்கார்ந்திருந்ததோ!

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, தோட்ட ஹோஸால் தண்ணீரை வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் விடுங்கள். ரேடியேட்டரில் கீழிருந்து மேலாக, பிளாக்கில் மேலிருந்து கீழாக. தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். ஹீட்டருக்குப் போகும் சின்னக் குழாய்களையும் மறக்காதீர்கள். பழைய ரேடியேட்டரில் அழுத்தம் அதிகம் வேண்டாம், சால்டரிங் பிட்டுக்கொள்ளும். அலுமினிய ஹெட் உள்ள இன்ஜினில் வீரியமான அமிலம் கூடவே கூடாது, அந்த வகைக்கென்று விற்கும் கிளீனர் போதும்.

வெளிப்புறமும் முக்கியம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி, தூசு, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். இரண்டையும் சற்றே விலக்கினால்தான் தெரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் ஃபின்கள் அப்படியே மடிந்துவிடும், அடைப்பைவிட அது மோசம்.

படி 4: ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட், பம்ப்

வயது தெரியாத ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். யோசிக்க ஒன்றுமில்லை. கீழ் ஹோஸில் ஸ்பிரிங் இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தம் காக்கும். 1 பார் மூடி சரியாக வேலை செய்தால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை 130 டிகிரி வரை தாங்கும். நடுவில் உள்ள சின்ன வால்வு, இன்ஜின் ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடும். அது சிக்கினால் ஆறிய காரில் மேல் ஹோஸ் சுருங்கிக் கிடக்கும். அழுத்தம் நல்லது என்பதற்காக 0.5 பார் மூடிக்கென்று வடிவமைத்த பழைய காரில் 1.1 பார் மூடியைப் போடாதீர்கள். ரேடியேட்டரின் இணைப்புகளும், ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒருநாள் கூலன்ட் காலடியில் கொட்டும்.

மிகப் பழைய கார்களில் வழிந்த கூலன்ட்டைப் பிடிக்க பாட்டிலே இருக்காது. விரிந்த தண்ணீர் ஒரு குழாய் வழியே ரோட்டில் ஊற்றும். ஆறியதும் அதே இடத்தில் காற்று உள்ளே வரும். சின்னச் செலவில் பெரிய பலன் தரும் மாற்றம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பாட்டிலைப் பொருத்தி, வழியும் குழாயின் முனை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்படி பாட்டிலின் அடிவரை இறக்குங்கள். கூடவே மூடியையும் மாற்ற வேண்டும். பழைய மூடியில் மேல் விளிம்பில் ரப்பர் சீல் இருக்காது, அங்கே காற்று இழுத்துக்கொள்ளும். மேல் சீல் உள்ள மூடி போட்டால்தான் ஆறும்போது பாட்டிலில் உள்ள கூலன்ட் திரும்ப உறிஞ்சப்படும். பாட்டிலை மட்டும் வைத்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் விட்டது இந்த ரப்பர் வளையத்தைத்தான்.

தெர்மோஸ்டாட் பற்றி நிறைய மூடநம்பிக்கை உண்டு. “அதைக் கழற்றிப் போட்டுடுங்க சார், சூடே ஆகாது” என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கே நேரம் எடுக்கும். பெட்ரோல் ஆயிலில் கலக்கும், சிலிண்டர் வேகமாகத் தேயும். இன்னொரு சிக்கல், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்கே போய், சூடு கூடத்தான் செய்யும்.

சோதிப்பது எளிது. நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு வெப்பமானி. 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். பொருத்தும்போது, சின்னக் குண்டூசி போன்ற காற்று வால்வு இருந்தால் அது மேலே வரட்டும். குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் கார் குளிரும் என்பதும் தவறு. அது எந்தச் சூட்டில் திறக்கும் என்பதை மட்டுமே மாற்றுகிறது, ரேடியேட்டரின் சக்தியைக் கூட்டுவதில்லை.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கே ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த காரைக்கூடப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பேரிங்குக்குள் போய்ப் பம்பே உடைந்தது.

படி 5: காற்றுக்கு ஒரே வழி

காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான ஃபின்களுக்குள் புகுவதைவிட, பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் அதில் நழுவிவிடும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மேலும் கீழும் பக்கங்களிலும் உள்ள சந்துகளை அடர்த்தியான ஃபோம், ரப்பர் பட்டை, அலுமினியத் தகடு எதையாவது கொண்டு அடையுங்கள். ஆக்சிடென்ட் ரிப்பேரில் தொலைந்துபோன கீழ்த்தட்டு எங்கேயாவது கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். பம்பருக்குக் கீழே நீளும் அந்த உதடு இன்ஜினுக்கு அடியில் காற்றழுத்தத்தைக் குறைத்து, ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கிறது.

ஃபேனைச் சுற்றிய கூடு கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஃபேன், தனக்கு எதிரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். தகட்டில் நீங்களே செய்யலாம். இன்ஜினோடு சுற்றும் ஃபேன் என்றால் இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்கட்டும். இறக்கை முனைக்கும் கூட்டுக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள். இன்ஜின் அதன் மவுண்டில் ஆடும் என்பதை மறந்து ஒட்டிச் செய்தால், முதல் முறை சடாரென்று கிளட்ச் விடும்போதே சத்தம் கேட்கும்.

பானெட்டின் பின்பக்கக் கீல்களில் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்க ரேஸ் கார் போலத் தோன்றும். நின்றிருக்கும்போது சூடான காற்று வெளியேறும், உண்மைதான். ஆனால் வேகமாகப் போகும்போது முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம்; அங்கிருந்து காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை எதிர்த்து நிற்கும். நெடுஞ்சாலைச் சூட்டுக்கு இதை மருந்தாகச் செய்தவர்களுக்கு நோய் கூடியிருக்கும். பானெட்டில் துவாரம் போடுவதாக இருந்தால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்பகுதியில் போட வேண்டும்.

படி 6: எலெக்ட்ரிக் ஃபேன்

நெரிசலில் சூடாகும் காருக்கு, மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால் இது நல்ல மாற்றம். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேன், முன்னால் இருந்து தள்ளுவதைவிட மேல். முன்னால் வைத்தால் அதுவே எதிர்க்காற்றை மறைக்கும். ஃபேனுடன் வரும் பிளாஸ்டிக் ஊசிகளை ஃபின்கள் வழியே குத்திக் கட்டும் முறையைத் தொடாதீர்கள். அதிர்வில் உரசி உரசிக் குழாயில் ஓட்டை விழும். இரும்புப் பட்டையில் தாங்கி செய்து ரேடியேட்டரின் சட்டத்தில் போல்ட் போடுங்கள்.

வாங்கும் முன் கார் எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்று பாருங்கள். பெரிய ஃபேன் 20 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய டைனமோ காரில், ஃபேன் தேவைப்படும் ஐட்லிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை. பேட்டரிதான் தாங்கும், அதுவும் கொஞ்ச நேரம். முதலில் ஆல்டர்னேட்டர், அப்புறம் ஃபேன்.

வயரிங் இப்படி:

1. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். 20 ஆம்பியர் ஃபேனுக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ், 40 ஆம்பியர் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்).
2. ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு 4 சதுர மி.மீ. வயர். 87-ஆம் முனையிலிருந்து ஃபேனுக்கும் அதே தடிமன்.
3. 86-ஆம் முனைக்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயர். 85-ஆம் முனையிலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு (கூலன்ட் சூடானால் தானாகப் போடும் சுவிட்ச்), அங்கிருந்து பாடிக்கு.
4. தெர்மோ சுவிட்சுக்கு இணையாக டேஷ்போர்டில் ஒரு கை சுவிட்ச். தெர்மோ சுவிட்ச் என்றாவது கெட்டால் வீடுவரை ஓட்டிவர இது உதவும்.
5. ஃபேனின் மைனஸை பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

தெர்மோ சுவிட்சின் டிகிரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கிறது, மேல் ஹோஸில் வைத்த ஃபேன் சுவிட்ச் 80-ல் போடுகிறது என்றால் ஃபேன் நிற்கவே நிற்காது. மேல் பக்கத்தில் வைத்தால் 92 முதல் 95-ல் போட்டு 87-ல் அணைக்கும் சுவிட்ச் பொருத்தம். ரேடியேட்டரின் வெளியேறும் பக்கம் வைத்தால் அதைவிடக் குறைந்த டிகிரி வேண்டும்.

கடைசியாக ஒரு தாள் சோதனை. ஃபேனை ஓடவிட்டு கிரில்லுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள், ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் தடவை தாள் முகத்தில் வந்து அடித்தது. பிளஸ், மைனஸ் மாறியிருந்தது.

படி 7: நிரப்புவதும் காற்றை விரட்டுவதும்

குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு உள்ளே படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி என்பது பொதுவான அளவு. அது மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டி. அதனால் உறையும் குளிரே வராத இடங்களில் கூலன்ட்டை 35, 40 சதவீதமாகக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் துருத் தடுப்பு வலுவிழக்கும். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள், நிறம் ஒன்றாக இருந்தாலும்கூட. நிறம் வெறும் சாயம்.

காரின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ்களைப் பிசைந்துவிட்டால் குமிழிகள் மேலே வரும். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை விடவும். மூடி போடாமல் ஐட்லிங்கில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென இறங்கும். நிரப்பி மூடுங்கள்.

ஒரு வாரம் கழித்து மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையை, எதையும் தொடாமல், ஆறிய கூலன்ட்டில் நனையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ எர்த் சரியில்லாமல் கரண்ட் ரேடியேட்டர் வழியே போகிறது. அலுமினிய ரேடியேட்டர் போட்டவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

படி 8: பவர், முதலில் தொலைந்ததைத் தேடுவது

30 வயதுக் காரில் கிடைக்கும் பெரிய லாபம் புதிய பாகங்களில் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த குதிரைகளில் எத்தனையோ வழியில் தொலைந்திருக்கும்; அவற்றைத் தேடிப் பிடித்தாலே காருக்குப் புது உயிர் வரும்.

கம்ப்ரெஷன் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துச் சுற்றவிட வேண்டும். சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இங்கே தோற்ற இன்ஜினில் வேறு எந்த மாற்றமும் செய்யாதீர்கள், வீண்.

அப்புறம் வால்வு கிளியரன்ஸ், பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர். பிறகு டைமிங், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்னே தள்ளும் சின்ன எடைகள் உண்டு. அவை பிசுக்கேறி அசையாமல் போயிருக்கும். டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். புள்ளி நகர வேண்டும், விட்டதும் திரும்ப வேண்டும். வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் வேகத்தால் தீப்பொறியை முன்னே தள்ளும் அமைப்பு) குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு அசைவது கேட்கும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இந்த இரண்டும் போன காரில் தீப்பொறி பிந்தி, எரிந்துகொண்டிருக்கும் வாயு எக்ஸாஸ்ட் வழியே வெளியேறும்; பவரும் போகும், ஹெட்டும் சூடாகும். ‘கூலிங் பிரச்சினை’ என்று வந்த கார்களில் சில இங்கேதான் குணமாகின.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் துண்டித்துத் தீப்பொறி உண்டாக்கும் பாயின்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது அரைமணி வேலை, நான் தயங்காமல் சொல்லும் மாற்றம். பாயின்ட் தேயத்தேய டைமிங் மாறும் தொல்லை போய்விடும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் அந்த மாட்யூலுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். 3 ஓம் கேட்கும் மாட்யூலுக்கு 1.5 ஓம் காயில் கொடுத்தால் மாட்யூல் வெந்துவிடும்.

படி 9: குளிர்ந்த காற்று, சுலபமாக மூச்சு விடும் சைலன்சர்

30 டிகிரிக் காற்றுக்கும் 60 டிகிரிக் காற்றுக்கும் அடர்த்தியில் ஏறத்தாழ 9 சதவீதம் வித்தியாசம். அவ்வளவு ஆக்சிஜன் குறைவாக உள்ளே போகிறது. பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஜின் அறைக்குள் கூம்பு ஃபில்டர் மாட்டுபவர்கள் வாங்குவது சத்தம் மட்டும்தான். மூக்கை அடுப்புக்குள் வைத்து மூச்சு விடுவது போல. பழைய டப்பாவை வைத்துக்கொண்டு, கிரில் பக்கத்திலிருந்து ஒரு குழாய் இழுத்து விடுங்கள். மழைத் தண்ணீர் ஏறாத உயரத்தில் அதன் வாய் இருக்கட்டும். சில பழைய ஏர் ஃபில்டர் டப்பாக்களில் கோடை, குளிர்காலம் என்று ஒரு நெம்புகோல் இருக்கும். அது குளிர்கால நிலையிலேயே சிக்கியிருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்ட கொதிக்கும் காற்றைத்தான் இன்ஜின் வருடம் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கும்.

கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத ஸ்பேசர், எக்ஸாஸ்டை விட்டு விலக்கிய பெட்ரோல் குழாய், இந்த மூன்றும் சூடான காரை அணைத்துப் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது வரும் முக்கலைப் போக்கும். எக்ஸாஸ்டில் துணிப்பட்டை சுற்றுவதும் இன்ஜின் அறையைக் குளிர்விக்கும், ஆனால் சாதா இரும்புக் குழாயில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து அரித்துவிடும்.

சைலன்சரை மாற்றும் முன் அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேனிஃபோல்டில் வாக்குவம் மீட்டர் மாட்டி 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திவையுங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு. கம்பெனி அளவைவிட ஒரு சுற்றுப் பெரிய குழாய் போதும். இரண்டு சுற்று பெரிதாக்கினால் சாதாரண இன்ஜினில் கீழ் வேக இழுவைதான் குறையும்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் காற்றும் பெட்ரோலும் 12.5 முதல் 13-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது பாதுகாப்பு. எக்ஸாஸ்டில் வைத்து இந்த விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கியாவது அளந்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டை மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால் கலவை இன்னும் கொஞ்சம் லீன் ஆகும், பழைய ரப்பர்க் குழாய்களும் உப்பும். இரண்டையும் கணக்கில் கொள்ளுங்கள். மேடு ஏறும்போது டப்பாவில் கல் குலுக்கும் சத்தம் வந்தால் உடனே காலை எடுத்துவிட்டு டைமிங்கைக் குறைக்க வேண்டும்.

டர்போ பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: இந்த வழிகாட்டியைப் பார்த்து வேலை செய்யும் நிலையில் இருந்தால் இன்னும் வேண்டாம்.

ஆயில் கூலர் போடுவதானால் தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டரோடு போடுங்கள். ஆயில் குளிர்ந்தே ஓடுவதும் கெடுதல்தான். 110 டிகிரியைத் தொடாத ஆயிலுக்குக் கூலரே தேவையில்லை. பிரேக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அது 155-க்கு இறங்கலாம். வேகம் கூடிய காரில், மலை இறங்கும்போது அந்த 75 டிகிரி தெரியும். மாற்றங்களைப் பற்றி வாகன விதியும் உங்கள் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

படி 10: ஓட்டிப் பார்ப்பது

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாது. டேப் ஒட்டிய அதே மூன்று இடங்கள், அதே மேடு, முடிந்தால் அதே வேளை. வெளிக்காற்றின் டிகிரியையும் எழுதுங்கள், 25 டிகிரி நாளையும் 38 டிகிரி நாளையும் ஒப்பிட முடியாது. முதலில் 20 நிமிடம் ஐட்லிங், அப்புறம் அரைமணி நெடுஞ்சாலை, கடைசியாக மேடு. அணைத்ததும் முள் கொஞ்சம் ஏறுவது இயல்பு. பம்ப் நின்றுவிட்டது, ஹெட்டின் சூடு அங்கேயே தேங்கிய தண்ணீருக்கு வருகிறது.

மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, அடுத்த நாளும் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா ஹோஸ் கிளாம்ப்புகளையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு தடவை திருகிவிடுங்கள். புதிய ரப்பர் சூட்டில் அமுங்கியிருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் கால் சுற்றாவது திரும்பும்.